வெறும் சீட்டு

மாரிக்கனிக்கு மணிக்கட்டு வீங்கி ஆறு வருஷமாகிறது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை. இதுவரை போன டாக்டர்களில் ஒருவர் கையைப் பார்த்தார், இன்னொருவர் வயிற்றைப் பார்த்தார். அவளை ஒருவரும் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாதான் உட்காரவைத்து, சாப்பாடு, தூக்கம், கவலை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பதில் சொல்லச் சொல்ல மாரிக்கனி அழுதுவிட்டாள். டாக்டரம்மா கையில் கட்டுப் போட்டுவிட்டுச் சீட்டு எழுதினார்: பஞ்சுத்தூசி ஆகாது, நைட் ஷிப்ட் ஆகாது, நின்றபடி வேலை ஆகாது, கவலை ஆகவே ஆகாது.

"எல்லாம் சேர்ந்துதாம்மா இந்த வீக்கம். கையை மட்டும் பார்த்தாத் தீராது."

"நெசந்தாம்மா." மாரிக்கனி கட்டுத்துணியை விரலால் நெருடினாள். அவள் நெய்கிற ரகந்தான். சீட்டைத் திருப்பினாள்; பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "மாத்திரை ஒண்ணும் எழுதலியே?"

"ஆறு வருஷமா முழுங்கினியே, கேட்டுச்சா?"

"கேக்காட்டியும் எழுதிருங்கம்மா. மாத்திரைன்னா முழுங்கிட்டு ஷிப்டுக்குப் போயிருவேன். இந்தச் சீட்டை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"