நெபுலாவுக்கு ஒரு தார்ப்பாய்

சங்கரிக்கு இந்த ஊரில் இது மூன்றாவது மாசி. கல்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அடுத்த வாரம் வடக்கே மாற்றல். போவதற்குள் தன் சின்ன டெலஸ்கோப்பில் ஓரியன் நெபுலாவை ஒரு தடவையாவது தெளிவாகப் படம் பிடித்துவிட வேண்டும். முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு, அமாவாசை கழிந்த மறுநாள் பொழுது சாய்ந்ததும் குப்பத்துக் கரையில் வந்து முக்காலியை ஊன்றினாள்.

வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. டெலஸ்கோப்பைத் திருப்பும் மோட்டார் நட்சத்திரத்தோடு ஒட்டி நகர்ந்தது. ஏழரைக்கு, வழக்கமாக எரியாத பெரிய ஃபோகஸ் லைட்டைக் கரையில் யாரோ போட்டார்கள். கேமரா திரையில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

அரை மணி நேரம் அணைக்கச் சொல்லலாம் என்று போனாள். தண்ணீர் ஓரம் சாந்தா என்ற பெண் நின்றிருந்தாள். அவள் கணவன் மாரியின் படகில் என்ஜின் கோளாறாம், மெதுவாகத்தான் வருகிறானாம், இந்த வெளிச்சம்தான் அவனுக்கு வழியாம். அடுத்தவர் கவலை முன்னே வந்து நின்றால் நம் ஆசை ஓரடி பின்வாங்கத்தானே வேண்டும்? நல்லபடியாக வந்து சேரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி, சாமான்களைக் கட்டத் தொடங்கினாள் சங்கரி.

சாந்தா பின்னாலேயே வந்துவிட்டாள். "வந்ததும் வராததுமா கட்டிகினு கீறியே, இன்னா சமாசாரம்?"

வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு புகைமேகம் இருக்கிறது, புது நட்சத்திரங்கள் அங்கேதான் பிறக்கின்றன, அதைப் படம் எடுக்க இருட்டு வேண்டும் என்றாள் சங்கரி.

சாந்தா அண்ணாந்து பார்த்தாள். "பிரசவம் நடக்குற எடமா? அதுக்கு வெளக்க ஏன் அணைக்கணும்? மறைப்பு கட்டுனா போதாதா? ஆஸ்பத்திரில அதான செய்றாங்கோ."

வலையை மூடியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தாள். ஒரு முனையைக் கரையில் கிடந்த படகில் கட்டினார்கள். மறுமுனைக்குக் கம்பம் இல்லாததால் அவளும் நாத்தனார் பிரியங்காவும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். காற்று இருவரையும் சேர்த்து ஆட்டியது.

"மேகத்துக்கு ஆயா வேல பாக்கறோம். சம்பளம் யாரு குடுப்பா?" என்றாள் பிரியங்கா.

சங்கரி டெலஸ்கோப்பை மறுபடி பொருத்தினாள். திரையில் ரோஜா நிறத்தில் ஒரு சிறகு விரிந்தது. ஐம்பது படமாவது வேண்டும் என்று நினைத்திருந்தாள் சங்கரி. பதினொன்றாவது முடியும்போது கடலில் விட்டு விட்டு என்ஜின் சத்தம் கேட்டது. சாந்தாவின் கண் அந்தப் பக்கம் போயிற்று. கை மட்டும் தார்ப்பாயை விடவில்லை.

"விடுங்கக்கா, போதும்."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான்."

தார்ப்பாய் விழுந்தது. கரை சேர்ந்த மாரியின் படகை மேலே இழுக்க ஆள் போதவில்லை. சங்கரியும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.

மறுநாள் பதினோரு படங்களையும் ஒன்றாக்கியபோது கொஞ்சம் மணல்மணலாகத்தான் வந்தது. அதையே பெரிதாக இரண்டு பிரதி எடுத்தாள். சாந்தா தன் பிரதியைக் கன்னியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, குங்குமமும் வைத்துவிட்டாள்.