முதல் அணியின் கோல்காப்பாளர்

யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து தாதியாக வேலை பார்த்த யோகா, 1976, 77 என்று இரண்டு குளிர்காலம் முழுக்க ஒரு மகளிர் ஹொக்கிக் கழகத்தின் இரண்டாம் அணியில் கோல் காத்தாள். முதல் அணியில் அந்த இடம் ஜோனுடையது. ஏழு வருடமாக வேறு யாருக்கும் அது கிடைத்ததில்லை.

காலை வேலை முடிந்ததும் யோகா பஸ் பிடித்து, மற்றவர்கள் வருமுன்பே மைதானத்துக்குப் போய்விடுவாள். சேற்றில் ஊறிய கால் காப்புகள் கல்லாய்க் கனக்கும். தனியாகச் சுவரில் பந்தை உதைத்து, திரும்பி வருவதைத் தடுத்துப் பழகுவாள். சில நாள் ஜோன் வந்து பந்து அடித்துக் கொடுப்பாள்.

"என்னைத் துரத்திவிடுவாய் போலிருக்கிறதே" என்று சிரிப்பாள்.

இரண்டாவது குளிர்காலத்தின் இறுதிப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில், பயிற்சியில் ஒரு பந்து ஜோனின் வலது கையைத் தாக்கியது. உடுப்பு மாற்றும் அறையில் அவள் கையுறையைக் கழற்ற முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். யோகா மெதுவாகக் கழற்றிப் பார்த்தாள். நடுவிரல் கோணி, வீங்கி, நீலம் பாரித்திருந்தது.

"முறிந்துவிட்டது. உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்."

"சனிக்கிழமை வரை யாருக்கும் சொல்லாதே, யோகா. எனக்கு முப்பத்தாறு வயது. இன்னொரு இறுதிப் போட்டி வராது."

வீட்டில், குசினியில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் ஜெயரட்ணத்திடம் சொன்னாள்.

"பேசாமல் இரும். இடத்துக்காகக் காட்டிக் குடுத்தனீர் எண்டுதான் சொல்லுவினம்."

"ஓம், தெரியும். ஆனா இன்னொரு அடி பட்டா அந்த விரல் பிறகு மடங்காது."

"அப்ப, உமக்கு அந்த இடம் வேண்டாமோ?"

யோகா சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். வேண்டும் என்பதுதான் அவளை வதைத்தது.

வியாழக்கிழமை பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் கழகக் கதவில் ஒட்டிய பட்டியலில் ஜோனின் பெயர் இல்லை. அந்த இடத்தில் யோகாவின் பெயர் இருந்தது.

சனிக்கிழமை மழை. ஆட்டம் முழுக்க ஒருத்திகூட அவளிடம் பேசவில்லை. கடைசிப் பத்து நிமிடமும் எதிரணி அவளைச் சுற்றியே நின்றது. விழுந்தும் எழுந்தும் எல்லாவற்றையும் தடுத்தாள். ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் மைதான ஓரத்தில் கட்டுப்போட்ட கையோடு நின்ற ஜோனிடம் ஓடினார்கள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

யோகா சேற்றில் குந்தி, கால் காப்புகளின் வாரைத் தானே அவிழ்த்தாள். எல்லோரும் போனபின் ஜோன் அவளிடம் வந்தாள்.

"நான் நின்றிருந்தால் நீ தடுத்த இரண்டாவது பந்து உள்ளே போயிருக்கும்."

"விரல்?"

"மடங்கும் என்கிறார்கள். நீ செய்தது சரி, யோகா. ஆனால் இப்போதைக்கு உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை."

ஜோன் அதன்பின் கழகத்துக்கு வரவில்லை. கிறிஸ்மசுக்கு யோகா ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள். பதில் இல்லை. ஏப்ரலில் புதிய பருவத்துக்கான முதல் அணிப் பட்டியலை ஒட்டினார்கள். யோகாவின் பெயர் மேலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.