பாகாலாவில் இறங்குகிறவள்

தயாரிப்பாளர் வேதாச்சலம் சினிமாக் கதையைப் படிக்க மாட்டார், காதால்தான் கேட்பார். மாதாமாதம் சென்னையிலிருந்து திருப்பதி வந்து, சாமி பார்த்துவிட்டு, லாட்ஜ் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். கதை எழுதினவன் எதிரே நின்று எல்லா வேஷத்தையும் தானே நடித்துச் சொல்ல வேண்டும். அவர் "அப்புறம்?" என்று கேட்கிறவரை கதைக்கு உயிர் இருக்கிறது. காபி கேட்டால் போச்சு. கோடி கோடியாய்ப் போடுகிற ஆள் கதையை இப்படியா எடை போடுவார் என்று எனக்கு எரிச்சல்தான். இருந்தும் சித்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் நின்றேன்.

எனக்கு என் மனைவி லீனா திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டு டிவிகள் கடைக்கு வந்ததும் நான் வேலை பார்த்த ரேடியோ கம்பெனி படுத்துவிட்டது. அவள் குவைத்தில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளப் போனாள். கதை ஓகே ஆனால் அட்வான்ஸ் கையில் விழுந்த அன்றைக்கே அவள் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்துவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். பாயில் அவள் பக்கம் நான் இன்னும் கால் நீட்டுவதில்லை.

கதையும் அவள்தான். குவைத்துக்குப் போன பெண் கடைசிக் காட்சியில் எங்கள் சித்தூர்ப் பக்கத்துப் பாகாலா ஜங்ஷனில் இறங்குகிறாள். புருஷன் அவள் கைப்பையை வாங்கிக்கொள்கிறான்.

வேதாச்சலம் அன்றைக்கு நிறையவே "அப்புறம்" கேட்டார். பெண் வேஷத்தில் நான் அழுதபோது அவரும் மூக்கை உறிஞ்சினார். முடித்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா அவ உசுரோட வரக் கூடாது. சவப்பெட்டிதான் வரணும். தியேட்டரே அழும். சரின்னு சொல்லு, இப்பவே அட்வான்ஸ் தரேன்."

அதையும் நடித்துக் காட்டச் சொன்னார். நின்றேன். கண் முன்னால் ரயில் வந்தது, பெட்டியை இறக்கினார்கள். போன வருஷம் எங்கள் சர்ச் சபையிலிருந்து குவைத்துக்குப் போன ஒருத்தி அப்படித்தான் வந்தாள். மூடியைத் திறக்கக்கூட விடவில்லை. லீனாவை என் வாயால் சாகடிக்க முடியாது. மாட்டேன் சார் என்றேன். அவர் காபி கேட்டார்.

லீனாவை வெள்ளிக்கிழமைகளில் போன் பேச விடுவார்கள். எங்கள் சர்ச்சுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். உன்னைக் கொல்லச் சொன்னான், அட்வான்ஸே வேண்டாமென்று வந்துவிட்டேன் என்றேன். அவள் சிரிப்பாள் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை. அங்கே அவள் பார்த்துக்கொள்கிற குழந்தை அழுதது. அதைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தாள்.

"கதைலதானேங்க," என்றாள். "சாவடிச்சிருக்கலாமே. நானு வூட்டுக்கு வந்திருப்பேன்."