சுவருக்கு அந்தப் பக்கம்

போன மாதம்தான் அவள் புருஷன் சுவரில் ஓட்டை போட்டு, படுக்கையறையில் இருந்த அவளுடைய லேப்டாப்பை ஹால் டிவியோடு கேபிளால் இணைத்திருந்தான். இன்று லேப்டாப்பை ஆன் செய்தால் திரை கும்மிருட்டு.

“போர்டு போச்சு,” என்றான், நாடி பிடித்துப் பார்த்த டாக்டர் மாதிரி.

“அந்த கேபிளைக் கழட்டிப் பாருங்களேன்.”

“கேபிளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உனக்கென்ன தெரியும்?”

அவளுக்கென்ன தெரியும்! அந்த லேப்டாப்பில் வேலை செய்துதான் குடும்பமே சாப்பிடுகிறது, அவ்வளவுதான். மேதாவி ஆஃப் செய்தான், ஆன் செய்தான், மறுபடி ஆஃப், மறுபடி ஆன். கடைசியில் ஆத்திரம் தலைக்கேறி என்டர் கீயைக் குத்து குத்தென்று குத்திவிட்டு உட்கார்ந்தான்.

ஹாலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “டேய், டிவியில என்னமோ ரொம்ப நேரமா கேட்டுக்கிட்டே இருந்துச்சுடா.”

அவன் முகம் வெளுத்தது. “என்னப்பா கேட்டுச்சு?”

“எல்லாத்தையும் அழிச்சிடவான்னு. இப்ப கேக்கல. அழிச்சாச்சாம்.”

அவள் எழுந்துபோய் கேபிளைப் பிடுங்கினாள். லேப்டாப் திரை பளிச்சென்று வந்தது, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே, உள்ளே ஒன்றுமே இல்லாமல்.

“சம்பந்தம் தெரிஞ்சுதா?” என்றாள்.