மேடை யார் உயரத்துக்கு?

1

இந்தக் கதை என் முதுகுவலியில் பிறந்தது. என் வீட்டுச் சமையல் மேடையை யாரோ ஒரு குள்ளமான ஆளை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டுவேன். ஒருநாள் திட்டு முற்றிக் கதையாகிவிட்டது.

முதல் வரி இப்படி இருந்தது: 'தேக்கின் மணம் அறையெங்கும் பரவி, அவள் நெஞ்சில்—' (அடித்துவிட்டேன். மரக்கடை விளம்பரம் போல இருந்தது.)

2

கதைக்கு ஒரு தச்சர் வேண்டும். முதலில் வந்தவர் நரைத்த மீசையும் காதில் பென்சிலுமாக வந்தார். அவரை எத்தனையோ கதைகளில் பார்த்தாயிற்று. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் ஒரு நடுவயதுப் பெண்மணி, நல்ல வாயாடி. காதில் பென்சில் அவருக்கும் இருந்தது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆணியே இல்லாமல், ஒரு சட்டத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகிக் கோப்பது அவர் வேலை. அளவு நாடாவை எடுக்கும் முன் ஒரே கேள்விதான் கேட்பார்: இந்த வீட்டில் சமைப்பது யார்? சமைப்பவரின் முழங்கையைப் பார்த்துத்தான் மர மேடையின் உயரம்.

கதையில் அவர் போன வீட்டில் சமைப்பது மருமகன். ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். மாமியாரோ அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். தன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்க வந்திருக்கிறார். மருமகன் தச்சரைத் தனியே கூப்பிட்டு, அத்தை உயரத்துக்கே வையுங்கள் என்றார். கொல்லைப்பக்கம் போனால் மாமியார் மடக்கினார்: மாப்பிள்ளை உயரத்துக்கு வையம்மா, நான் ஒரு பலகை போட்டு நின்றுகொள்வேன்.

தச்சர் இரண்டு பேர் மனமும் கோணாமல் நடு அளவில் செய்துவிட்டார். (எந்தத் தச்சராவது இப்படிச் செய்வாரா என்கிறீர்களா? இவர்கள் இருவருக்கும் நடுவே நீங்கள் ஒருநாள் நின்று பாருங்கள்.)

3

பசை தடவும் முன் எல்லாவற்றையும் சும்மா கோத்துப் பார்ப்பது வழக்கம். கோத்தார். மருமகன் கூன் போட்டுக்கொண்டு பிரமாதம் என்றார். மாமியார் நுனிக்காலில் நின்றபடி கச்சிதம் என்றார். ஒரு குறைகூடச் சொல்லாத வீட்டைத் தச்சர் அதுவரை பார்த்ததில்லை. பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க," என்றார். "பசை தடவிட்டா அப்புறம் கழட்ட முடியாது. யாராவது உண்மையைச் சொல்லுங்க."

மாமியார் மேடையைத் தடவிக்கொண்டே நின்றார். "விருந்தாளின்னா எந்த உயரமா இருந்தாலும் சரிதான் மாப்பிள்ளை. சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவிட்டுப் போயிடுவேன். நான் இங்கயேதானே இருக்கப்போறேன்."

"அப்புறம் ஏன் அத்தை என் உயரத்தைச் சொன்னீங்க?"

"நீங்க ஏன் என் உயரத்தைச் சொன்னீங்க?"

வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் ஒரு தம்ளரைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை.

4

முடிவு ஒன்று: மேடையை அறுத்து இரண்டு உயரமாக்கலாம். (சுவர் நீளத்துக்கும் ஒரே பலகை. அறுக்கலாம் என்றதும் தச்சர் என்னை முறைத்தார்.)

முடிவு இரண்டு: மாமியார் உயரத்துக்கு வைத்துவிட்டு, மருமகன் உட்கார்ந்து சமைக்க ஒரு முக்காலி. (மருமகன் உடனே தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்!)

முடிவு மூன்று: மாமியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு— (மாட்டேன். அந்தப் பக்கம் பேனா போகவில்லை.)

5

கடைசியில் தச்சர்தான் கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்து மேடையில் வைத்து, நறுக்கிப் பாருங்கள் என்றார். மருமகன் பொடிப்பொடியாக நறுக்கத் தொடங்கினார். மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இவ்வளவு பொடிசா நறுக்கினா கருகித்தான் போகும். கத்தியைக் கொடுங்க."

"என் வெங்காயம் என்னைக்குமே கருகினதில்ல அத்தை."

"தினமும் தின்னுட்டுத்தான் சொல்றேன்."

மருமகன் திகைத்துப்போனார். பிறகு, கத்தியைத் தரமாட்டேன் என்றார். மகள் வேலையிலிருந்து திரும்பியபோது இருவர் குரலும் தெருவரை கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா அந்த வீட்டில் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மேடையின் உயரமா? இப்போது சண்டையே அதைப் பற்றித்தான். என் உயரத்துக்குத்தான் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். அதெப்படி, என் உயரத்துக்குத்தான் என்கிறார் மருமகன். தச்சர் பசைக் கிண்ணத்தோடு காத்திருக்கிறார். நடுவில் புக எனக்குத் தைரியம் இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்த் தீர்த்துவையுங்கள். நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.