ஒன்பதரை மணி விமானம்

என் சகலை தேஜ்மான் விமானக் கம்பெனி தொடங்கியபோது வாய்விட்டுச் சிரித்தேன். கோவேறு கழுதை ஓட்டிய குடும்பத்துக்கு விமானம் ஒரு கேடா! எங்கள் மலையூர் ஜோம்சோமில் பத்து மணிக்கு மேல் காற்று பேயாட்டம் ஆடும். பழைய கம்பெனிகள் எட்டரைக்குள் வந்து ஓடிவிடும். யாரும் தொடாத ஒன்பதரை மணியை இவன் பிடித்துக்கொண்டு டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்றான். முக்திநாத் கோயிலுக்குப் போகிற கூட்டமெல்லாம் இவன் பக்கம் சாய்ந்தது. இரண்டே வருஷத்தில் ஒரு விமானம் மூன்றானது. எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நான் அதே விமான நிலையத்தில், காற்றின் வேகத்தைப் பார்த்து விமானிக்குச் சொல்கிற சம்பளக்காரன். காற்று இருபதைத் தாண்டினால் விமானம் இறங்கக் கூடாது.

தசைன் பண்டிகையில் மாமனார் மூத்த மாப்பிள்ளையான எனக்குத்தான் முதலில் நெற்றியில் ஆசீர்வாத டீகா வைப்பார். பதினோரு வருஷமாக அப்படித்தான். அந்த வருஷம் காலையிலேயே போன் செய்தார்.

"மாப்ளே, தேஜ்மான் ஒன்பதரைக்கு எறங்கிடுவாராம். பத்துக்கு நல்ல நேரம். மொதல் டீகா அவருக்கு வச்சிடறேன். நீங்க மெதுவா வாங்க, நம்ம வீட்டு ஆள்தானே!"

நம்ம வீட்டு ஆளாம்!

ஒன்பதரைக்கு விமானி காற்று கேட்டான். காற்றுமானி முள் பன்னிரண்டில் நின்றது. "இருபத்தாறு" என்றேன். விமானம் பள்ளத்தாக்கிலேயே திரும்பிப் போனது. பத்து மணிக்கு முதல் டீகா எனக்குத்தான்.

அதோடு விட்டேனா? வாரத்தில் இரண்டு நாள், பிறகு மூன்று நாள் என்று முள்ளில் இல்லாத காற்றை வீசவைத்தேன்.

"தேஜ்மான் டிக்கெட்டா? பாதி வழி பாத்துட்டுத் திரும்பி வர்றதுக்கா?" என்று விமானம் கிளம்புகிற பொக்கராவில் கேலி செய்தார்கள். கூட்டம் ஜீப்புக்கு மாறியது. ஒவ்வொரு விமானமாகக் கைவிட்டுப் போய், ஒரே வருஷத்தில் கம்பெனிப் பலகையையும் இறக்கிவிட்டார்கள்.

அடுத்த தசைனுக்குத் தேஜ்மான் ஜீப்பில் வந்தான், தலையெல்லாம் புழுதி. மாமனார் எனக்கு முதல் டீகா வைத்தார். மூத்தவன் இளையவனுக்கு வைக்க வேண்டும் என்பது முறை. தேஜ்மான் என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, காத்து அவ்வளவு இல்லைன்னு விமானிங்க கத்துனானுங்க. 'வாயை மூடுங்கடா, அங்க இருக்கிறது என் அண்ணன், நம்ம உசுரை நெனச்சுத்தான் சொல்லுவாரு'ன்னு அடக்கிட்டேன். கம்பெனி போனா போகுது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழலை. எல்லாம் உங்களாலதான்."

தயிரும் குங்குமமும் பிசைந்த அரிசியை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. தட்டைப் பிடித்திருந்த என் மனைவி ஷோவா என் காதருகே குனிந்தாள்.

"போன தசைன் அன்னிக்கு மாடியில ஆப்பிள் வத்தல் காயப்போட்டிருந்தேன். அந்த ஒன்பதரைக்கு ஒரு துண்டு கூட அசையலை. வைங்க, தம்பி உங்க ஆசீர்வாதத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கான்."