முப்பத்தெட்டாவது மாதிரி

ஷர்லி திருச்சியில் ஆய்வு மாணவி. தோல் புற்றுநோயில், செல்களைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு சிதையாமலே எப்படிச் செயலிழந்து போகிறது என்பதுதான் அவளுடைய நான்கு வருட வேலை. உள்ளங்காலில் வரும் கருப்புக் கட்டிகளைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறாள். ஆவூரில் அவள் அப்பா ஞானமணியின் குதிகாலில் அப்படியொரு கருப்பு எட்டு மாதமாக இருந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார், பிளேடால் சீவினார். ஷர்லி போனில் விசாரித்தால், "எனக்கென்ன, நீ தீசிஸ முடி தாயி" என்பார்.

ஈஸ்டருக்கு ஊர் வந்தவள், கோயிலுக்குக் கிளம்பிய அப்பா செருப்பை மாட்ட முடியாமல் தடுமாறுவதைப் பார்த்துக் குனிந்தாள். கோணல்மாணலாகப் பரவிய கருப்பு, நடுவில் புண். எந்த டாக்டரும் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கேனில் நுரையீரல்வரை பரவியிருந்தது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் தம்பி ஜஸ்டின் கேட்டான். "நீ இதத்தானக்கா படிக்கிற? பொங்கலுக்கு வந்தப்ப அவரு காலப் பாக்கலியா?"

பொங்கலுக்கு மூன்று நாளும் அவள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

குதிகால் கட்டியை வெட்டியெடுத்தார்கள். அவளுடைய ஆய்வுக்குத் திசு தர அப்பாவே சம்மதித்தார். படிவத்தை இரண்டு தடவை படித்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

"அந்த மரபணுல என்ன தப்பு இருக்கும்?"

"எழுத்துல தப்பு இல்லப்பா. நோட்டுல ரெண்டு பக்கம் ஒட்டிப்போனா படிக்க முடியாதுல்ல, அந்த மாதிரி."

"பிரிக்க முடியாதா?"

"லேப்ல வளக்கிற செல்லுல பிரிச்சுருக்காங்க. இந்த நோய்க்கு ஆளுங்களுக்குக் குடுக்குற அளவுக்கு இன்னும் வரலப்பா."

"சரி. வர்றப்ப வரட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் இறந்துபோனார்.

அவருடையது முப்பத்தெட்டாவது மாதிரி. முந்தைய முப்பத்தேழில் இருபத்தாறில் மரபணு ஒட்டிக் கிடந்தது. அப்பாவுடையதில் இல்லை. அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. நோய் வேறு ஏதோ வழியாக வந்திருந்தது. நம்பாமல் மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் அதே முடிவு.

"பொருந்தலைன்னாலும் பரவாயில்லை, அப்படியே எழுதிருங்க" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். எழுதினாள்.

ஜஸ்டின் போனில் கேட்டான். "அப்பாவோடதுல என்ன தெரிஞ்சுச்சு?"

"நான் தேடுனது அவருகிட்ட இல்லடா."

"அந்தக் கருப்ப பாக்குறதுக்கு மிஷினு கூட வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அவள் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அடுத்த மார்ச்சில் பட்டம் கொடுத்தபோது அரங்கத்துக்கு ஆவூரிலிருந்து யாரும் வரவில்லை.